போனுக்குத் தெரியாத முகம்

ரூபாவின் முகத்தைப் பார்த்துத் திறக்கமாட்டேன் என்று போன் அடம்பிடித்தது. காலையில் திருமலையில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி இறங்கியவள், இப்போது திருப்பதியில் பாட்டுக் கச்சேரி வாசலில் நிற்கிறாள். இரண்டு டிக்கெட்டும் போனுக்குள்தான்.

"டிக்கெட் சூபிஞ்சம்மா!" டிக்கெட்டைக் காட்டச் சொல்லித் தெலுங்கில் அவசரப்படுத்தினார் வாசல்காரர்.

"சீக்கிரம் தொறடி," என்றான் கணவன் கமலக்கண்ணன்.

முன்பெல்லாம், "யார்கிட்ட பேசிக்கினு இருந்தே? இன்னா பேசினே?" என்று தினமும் குடைந்தெடுப்பான். அந்தச் சந்தேகம் தீர்ந்தால் முடி தருவதாகப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். ஆடிக்கு அப்புறம் அவனிடமிருந்து ஒரு கேள்வியும் இல்லை. இன்று மொட்டை எதற்கென்றுகூட அவன் கேட்கவில்லை.

"இருங்க, நம்பர் போட்றேன். என் போனுக்கே என்னை அடையாளம் தெரியலையாம், பாருங்க இந்தக் கூத்தை!" சிரித்துக்கொண்டே போனை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் சட்டென்று முகத்தைத் திருப்பினான். அதற்குள் போன் அவனைப் பார்த்துவிட்டது. உடனே திறந்துகொண்டது; திரையில் டிக்கெட் தெரிந்தது.

"போங்கம்மா, உள்ள போங்க," என்றார் வாசல்காரர், இப்போது தமிழில்.

ரூபா நகரவில்லை. கை தானாக மொட்டைத் தலைக்குப் போனது. இந்த முறை கேள்வி கேட்டவள் அவள்.

"எத்தினி நாளா என் போனைப் பார்த்துக்கினு இருக்கீங்க?"