டவல் யானை

உல்லாசக் கப்பலில் அறைப் பணியாளனாக இருக்கும் தூத்துக்குடி ஜெபஸ்டின், முதல் நாள் வழக்கம்போல டவலை யானையாக மடித்துக் கட்டிலில் வைத்தான். அந்த அறைக்குக் கணவரோடு வந்திருந்த கும்பகோணத்துக் கோமளவல்லி அதன் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார். "பிள்ளையாரை யாராவது துவைக்கப் போடுவாங்களா, தம்பி?" மறுநாள் குரங்கு செய்தான். சாயங்காலத்துக்குள் அதன் கழுத்தில் வடைமாலை தொங்கியது. போன டவல் ஒன்றுகூடத் திரும்பவில்லை. இன்னொன்று குறைந்தால் அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிடுவேன் என்று மேற்பார்வையாளர் கத்தினார். ஜெபஸ்டின் பல்லைக் கடித்துக்கொண்டு நண்டு மடித்தான். நண்டை எவர் கும்பிடப்போகிறார்? "எங்க ஊர்ப் பக்கம் நண்டு பூஜை பண்ணின சிவன் கோயிலே இருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் கோமளவல்லி.

நான்காம் நாள் வந்த எரிச்சலில் எதையுமே மடிக்காமல் வெறும் கட்டிலை விட்டுவிட்டுப் போனான்.

ஐந்தாம் நாள் காலை உள்ளே போனால், பாவம், அவருடைய கணவர் தரையில் சுருண்டு கிடந்தார். கசங்காத மெத்தையின் நடுவே ஒற்றைப் பூ. விரிப்பை மாற்றப் போன ஜெபஸ்டினின் கையைக் கோமளவல்லி எட்டிப் பிடித்தார்.

"தொடாதீங்க தம்பி. இன்னிக்கு உருவமே இல்லாம வந்திருக்கார்."