சொன்ன தேதிக்கு வருபவர்கள்

பகல் மூன்று மணிக்கே மழை இருட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கடற்காற்றில் பிரெஞ்சுக்காரன் காலத்து ஜன்னல் கதவு படார் படாரென்று அடித்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் திரையில் புள்ளிபுள்ளியாக ஒரு லட்சம் பெண்கள். அத்தனை பேரும் ஹேமலதா கணக்குப் போட்டுப் பிறக்கவைத்த கற்பனைப் பெண்கள். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எந்த வயதில் அழைத்தால் எத்தனை உயிர் தங்கும் என்று, இந்தப் புள்ளிகளை வாழவிட்டும் சாகவிட்டும் பார்த்துத்தான் அவள் அரசாங்கத்துக்கு எழுதித் தரவேண்டும். நாற்பது வயதில் அழைத்துப் பார்க்கிறாள். சாவைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் மளமளவென்று குறைகின்றன. அவளுக்கு மனசு நிறைகிறது. அப்போது அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் தனக்கொடி டீ கொண்டுவருகிறாள். அரியாங்குப்பத்துக்காரி, நாற்பத்தாறு வயசு. கிளாஸை வைத்துவிட்டு, மேசையில் கறை படியக் கூடாதே என்று இடுப்புப் பர்ஸிலிருந்து ஒரு காகிதத்தை உருவி கிளாஸுக்கு அடியில் செருகுகிறாள். எல்லாம் வலது கையால்தான். இடது கை விலாவை விட்டு அசையவே இல்லை. ஈரம் பரவும் காகிதத்தை ஹேமலதா படிக்கிறாள். மார்பகப் பரிசோதனை முகாமுக்கு வரச்சொல்லி தனக்கொடி பேருக்கு வந்த சீட்டு. தேதி போய் நாலு மாசம் ஆகிறது.

“ஏங்க்கா போகல?”

“போனா எதனா சொல்லிடுவாங்க மேடம். டீ ஆறிடப் போவுது, குடிங்க.”

தனக்கொடி ஒற்றைக் கையால் ஜன்னலை இழுத்துச் சாத்துகிறாள். அறை இன்னும் இருட்டாகிறது. திரையின் மூலையில், கணக்குக்காக ஹேமலதாவே ஊகித்துத் தட்டிவைத்த வரி பளிச்சென்று தெரிகிறது: ‘அழைத்தால் வருபவர்கள், நூற்றுக்கு நூறு.’ அதற்கு மேலே ஒரு லட்சம் பெண்களும் சொன்ன தேதிக்குத் தவறாமல் வந்து நிற்கிறார்கள்.