இரண்டு சொற்கள்

ஜன்னல் திரையின் இடுக்கு வழியே மதிய வெயில் இரண்டு கணினிகளின் மேலும் கோடு கோடாக விழுகிறது. மருத்துவமனையின் நோயாளிப் பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் ஜாவா நிரலை அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். அவன் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் வரிகள் அத்தனையையும் கையாலேயே எழுதுபவன். அவள் அந்த வேலையை, வரிகளைத் தானே எழுதித் தரும் ஹைபர்நேட் என்ற கருவியிடம் விட்டுவிடுபவள். அவனுடையது காலையில் வார்டுக் கணினியில் சட்டென்று திறந்துவிட்டது. இப்போது அவளுடையதன் முறை. ஸ்பீக்கர் போனில் வார்டு நர்ஸ், "இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும்மா, மருந்து குடுக்கணும்" என்கிறார். அவள் கணினியில், தரவுத்தளத்துக்கு நோயாளிக்கொரு கேள்வியாக வரிகள் கொட்டுகின்றன. "உன் ஹைபர்நேட்டு வீடு வீடாப் போய்க் கதவத் தட்டுது பாரு." "சும்மா இருண்ணே." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் சேர்த்து எடுக்கச் சொல்லும் இரண்டே சொற்களைச் சேர்க்கிறாள்: ஜாயின் ஃபெட்ச். நிரல் மறுபடி ஓடுகிறது. கொட்டிய இடத்தில் ஒரே ஒரு நீண்ட கேள்வி. படுக்கை எண்ணும் மருந்தும் அவரவர் பெயரோடு சேர்ந்தே வருகின்றன. "வந்துருச்சும்மா!" என்கிறார் நர்ஸ். அண்ணன் குனிந்து, ஹைபர்நேட் தானாக எழுதிய அந்த வரியை விரல் வைத்துப் படிக்கிறான். குற்றம் தேடிய விரல் கடைசிவரை எங்கும் நிற்கவில்லை. "நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்." யாரையும் பாராட்டி அறியாதவன், இன்னும் வாய் வைக்காத தன் டீயை அவள் பக்கம் நகர்த்துகிறான். "ஆறிடும், குடி."