இல்லை என்று சொல்லும் மடல்

"'மிகவும் வருந்துகிறோம்'னு போட்டிருக்கியே, உங்க ஆபீஸ்ல யாரு உட்கார்ந்து வருந்துறாங்க?"

மனைவியின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டான் அவன். ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. விண்ணப்பித்தவர்களுக்குத் தானாகவே போகும் மடல்களின் டெம்ப்ளேட்டுகள் எல்லாம் அவள் பொறுப்பு. 'உங்களுக்கு வேலை இல்லை' என்று சொல்லும் மடல் கல்லைத் தூக்கிப் போட்டது போல் இருக்கிறதென்று புகார் மேல் புகார். திங்கட்கிழமை காலைக்குள் மாற்றச் சொல்லிவிட்டார் மேலாளர்.

"கிண்டல் பண்ணாம உதவி பண்ணுங்க. இந்த விஷயத்துல உங்களவிட அனுபவசாலி யாரு?"

சுருக்கென்றுதான் இருந்தது; ஆனாலும் சிரித்துவிட்டான். அவன் மேற்பார்வை பார்த்த கிடங்கை இழுத்து மூடி ஏழு மாதம் ஆகிறது. இதுவரை முப்பத்தொரு கம்பெனிகள் அவனுக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டன.

"ஒரு கம்பெனி 'அன்புள்ள விண்ணப்பதாரர் பெயர் அவர்களுக்கு'ன்னு அனுப்புச்சு. பேரைப் போட மறந்துட்டாங்க போல. மொதல்ல அதைச் சரியா பார்த்துக்கோ."

"பேரு சரியா வரும். நானே பார்த்துட்டேன். அடுத்தது படிக்கிறேன். 'தங்கள் விண்ணப்பத்தை எங்கள் கோப்பில் பாதுகாப்பாக வைத்திருப்போம்.'"

"எதுக்கு? என்னை உள்ளே போட்டுப் பூட்டி வைக்கவா? புழுக்கமா இருக்கும், எடுத்துடு."

எடுத்துவிட்டாள். "'தங்களைவிடத் தகுதியானவர்கள் பலர்...'"

"ஐயையோ! ஒருத்தர்கிட்ட தோத்தா போதாதா? பலர்கிட்ட தோக்கணுமா?"

"சரி புலவரே, நீங்களே சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"'உங்கள் விண்ணப்பத்தை முழுவதும் படித்தோம். இந்த வேலைக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்.' இதை ரெண்டாவது வரியிலேயே சொல்லிடணும். நாலு பாரா சுத்த விட்டுட்டுச் சொன்னா எரிச்சலா வரும். அப்புறம், 'உங்களிடம் குறை இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். இன்று ஒரு நாள் சும்மா இருங்கள். நாளைக்கு அடுத்த விண்ணப்பத்தை எழுதுங்கள்.' அவ்வளவுதான்."

சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள், கடைசி வரியில் நிறுத்தினாள்.

"இப்படி எழுதினா வலிக்காதா?"

"வலிக்காம எப்படி? ஆனா, அடிபட்ட இடத்துல யாரோ ஊதிவிட்ட மாதிரி இருக்கும்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, காரணமே இல்லாமல் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனாள்.

"சம்பளம் உண்டா இதுக்கு?" என்றான் அவன்.

"டீ உண்டு."

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மடல் வந்ததாக அவன் போன் ஒலித்தது. ஈரக் கையோடு திறந்தான். அன்புள்ள என்பதற்கு அடுத்து அவன் பெயர், எழுத்துப் பிழையில்லாமல். கீழே அவன் சொன்ன வரிகள், ஒரு சொல் மாறாமல்.

அவளுடைய கம்பெனியின் கிடங்கு வேலைக்கு அவன் விண்ணப்பித்து ஒரு மாதம் ஆகிறது. அவளிடம் மூச்சு விடவில்லை. கிடைத்தால், முதல் நாள் அவள் மேஜை முன்னால் போய் நின்று திகைக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தான்.

'பாவம், யாருக்குப் போகிறதென்றே தெரியாமல் பொத்தானை அழுத்தியிருக்கிறாள்' என்று நினைத்தபடி விரலால் திரையைத் தள்ளினான். அடியில், அவன் சொல்லாத வரி ஒன்று இருந்தது.

'வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உங்களையே எழுத வைத்தேன்.'