டீசல் கடித்த தேரை

"ஏனுங்க நாச்சிமுத்தண்ணா, வெளியில வாங்க! என்ற நாய்க்கு விசம் வெச்சது நீங்கதானுங்களே?"

கதிர்வேலின் சத்தத்தில் மல்லசமுத்திரத்து அந்தத் தெருவே விழித்துக்கொண்டது. அவ்வளவு ஆத்திரத்திலும் வாயில் 'ங்க' மட்டும் போகவில்லை. லாரி டிரைவர். எந்த ஊரில் லோடு இறக்கினாலும் போன் போட்டு முதலில் தன் நாய் டீசலைத்தான் விசாரிப்பான், அப்புறம்தான் மனைவி ஜோதியை. அந்த டீசல் இப்போது வாசலில் நுரை தள்ளிக் கிடந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. ஜோதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பக்கத்து வீட்டு நாச்சிமுத்து வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நானெதுக்குங்க வெக்கறேன்?"

"போன மாசம் உங்க கோழி ரெண்டைப் புடிச்சுப்போட்டான்னு, 'இவனுக்கு ஒரு முடிவு கட்டறேன்'னு சொன்னீங்கல்ல? ரெண்டு கோழிக்காக உசுரையே எடுப்பீங்களா? நீங்கெல்லாம் மனுசனுங்களா?"

தெரு கூடிவிட்டது. நாச்சிமுத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கால்நடை டாக்டரம்மா வந்து டீசலின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாரும் விசம் வெக்கலைங்க. பல்லிடுக்குல பாருங்க, தேரைக் காலு! நேத்துக் கோடை மழைக்குத் தெருப்பூராத் தேரையாத்தானே குதிக்குது? அதைக் கடிச்சிருக்கு. அது தோல்ல பாலாட்டச் சுரக்கும், அதுக்குத்தான் இந்த நுரை. வாயைக் கழுவி ஊசி போட்டுட்டேன். பொழச்சுக்கும்."

கதிர்வேலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ச்சே! மூத்த மனுசனை நடுத்தெருவில் நிறுத்தி என்ன பேச்சுப் பேசிவிட்டோம்! டீசலுக்கு நுரை நின்று கண்ணயர்ந்ததும், நேராக நாச்சிமுத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான்.

"அண்ணா, கதவைத் தெறங்க. உங்க கால்ல உழுகறனுங்க..."

கதவு திறந்தது. கதிர்வேல் குனிவதற்குள் நாச்சிமுத்து தடாலென்று அவன் காலில் விழுந்தார்.

"என்னை மன்னிச்சுருங்க சாமி! கோழி போன ஆத்திரத்துல புத்தி கெட்டுப்போச்சு. உங்கூட்டு முருங்கமரத்தடியில, கறித்துண்டுல விசத்தைத் தடவி வெச்சது நாந்தானுங்க!"

டீசல் கடித்தது தேரையை. அப்படியானால் அந்தக் கறித்துண்டு?

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஜோதி சந்தோஷம் தாங்காமல் கூவினாள்.

"ஏனுங்க, ஓடியாந்து பாருங்க! டீசல் எந்திரிச்சுட்டான்! முருங்கமரத்தடியில என்னமோ கெடச்சு, ஆசை ஆசையாத் தின்னுட்டிருக்கறானுங்க!"