ஷிப்டுக்குப் போகும் முன் வைத்த பேர்

"இன்னா பெரிம்மா, லைனே அதிர்ற மாதிரி கத்துற? மெதுவா கூப்புடக் கூடாதா?"

பெங்களூரு ரயிலை விட்டு தங்கவயல் ஊரிகத்தில் இறங்கி, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுத் தெருமுனை திரும்பியதும் ஜோதிக்குத் தினமும் இதே கூத்து. பக்கத்து வீட்டு மணியம்மாள் வாசலில் நின்று, "ஜோதீ... வந்துட்டியாடா?" என்று குரல் கொடுத்துவிடுவாள். புருஷன் ராஜப்பா சுரங்கத்தில் பாறை சரிந்து செத்துப்போனதிலிருந்து அவள் தனிக்கட்டை.

"ஆபீஸ்ல போன் எடுத்தா 'ஜோதி மேடமா?'ன்றாங்க. மானம் போவுது. நாளைக்கு லீவு போட்டுட்டேன். வக்கீலப் பாத்து ஹேமந்த்னு மாத்திக்கப் போறேன்."

"உங்கம்மா இன்னா சொன்னா?"

"உன்னக் கேட்டுட்டு மாத்தணுமாம். பெத்தது அவ, உன்னை எதுக்குக் கேக்கணும்? அப்படி இன்னாதான் இருக்குது இந்தப் பேருல?"

மணியம்மாள் சிரித்தாள். பழைய நாளை நினைத்தாலே அவள் முகம் மலர்ந்துவிடும்.

"அப்பல்லாம் நம்ம லைன்ல ஒரு பழக்கம்டா. வூட்ல புள்ளத்தாச்சி இருந்தா, ஷிப்டுக்குப் போறவரு அவ வயித்துல கைய வெச்சுப் புள்ளைக்குப் பேரு சொல்லிட்டுத்தான் கிளம்பணும். கேஜ்ல ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்கறவரு திரும்பி மேல வர்றது யாரு கையில இருக்குது? பொறக்கறது ஆணோ பொண்ணோ, ரெண்டுக்கும் ஆவற மாதிரி சொல்லுவாங்க. மணி, தங்கம், ஜோதின்னு. நாளெல்லாம் இருட்டுல கெடக்கறவங்களுக்கு வெளிச்சம்தானே பெருசு."

ஜோதிக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. போய்ச் சேர்ந்த அப்பா கண்ணுக்குள் வந்து நின்றார்.

"அப்போ எங்கப்பா ஷிப்டுக்குப் போறப்ப வெச்சதா இது? முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"இல்ல கண்ணு. உங்கப்பா உனக்குச் சொல்லிட்டுப் போனது தங்கம்னு."

"தங்கமா? அப்போ ஜோதி?"

மணியம்மாள் வீட்டுக்குள்ளே சுவரில் மாலையோடு இருந்த ராஜப்பாவின் படத்தைப் பார்த்தாள்.

"அது எங்க வூட்டுக்காரரு என் வயித்துல கைய வெச்சு சொன்ன பேருடா. அவரும் மேல வரல, அந்தப் புள்ளையும் தங்கல... நீ பொறந்ததும், நான் வாய் நெறைய கூப்புடட்டும்னு உங்கப்பாதான் அதை உனக்கு வெச்சாரு."