வலது கணுக்கால்

"இது எந்தக் கால்? சொல்லுங்க பார்ப்போம்!"

புரொஃபசர் ரைண்டர்ஸ் படத்தை அச்சக மேஜையில் போட்டார். தொப்பிப் பெட்டியைத் திறந்து, பிணைக்கும் நார்களோடு காய்ந்துபோன கணுக்கால் எலும்பு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். யூட்ரெக்ட் நகரத்தில் தொப்பிப் பெட்டிக்குள் காலை வைத்துக்கொண்டு நடப்பவர் அவர் ஒருவர்தான்.

"வலது கால்னு கீழேயே போட்டிருக்கே" என்றார் அச்சக முதலாளி வெசெல்.

"போட்டிருக்கு. படத்துல இருக்கிறது இடது கால்! தனித்தனியா இருக்கிற மூணு நாரும் வெளிப்பக்கம் வரணும். விசிறி மாதிரி விரிஞ்ச நார் உள்பக்கம் வரணும். வலது கால்னு வெச்சுப் பார்த்தா எல்லாம் இடம் மாறிக் கிடக்கு. வகுப்புல அறுபது பசங்க சிரிச்சாங்க. இதைச் செஞ்சது யாரோ, அவங்க கை இனிமே என் புத்தகத்தைத் தொடக் கூடாது!"

அச்சகத்துக்குப் படம் வரையும் அலெய்டா மேஜையோரம் நின்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்லச்சில் ஒரு சங்கடம் உண்டு. கல்லில் வரைந்தது காகிதத்தில் இடவலம் மாறித்தான் விழும். அதனால் எலும்பைக் கண்ணாடியில் பார்த்துத்தான் வரைய வேண்டும். ஒன்பது வருஷமாக அப்படித்தான் வரைந்தாள். போன மாதம் மகளுக்குக் கல்யாணம். கண்ணாடி மணப்பெண்ணோடு போய்விட்டது. மனசிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தவள், கல்யாண நினைப்பில் கண்ணால் கண்டதை அப்படியே வரைந்து வைத்துவிட்டாள்.

புருஷன் போன பிறகு இந்த வேலைதான் அவளுக்குப் பிழைப்பு. இன்னும் பதினொரு படம் பாக்கி இருந்தது.

வெசெல் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. பென்சில் கீழே விழுந்தாலே கூரை அதிரக் கத்துகிற மனுஷன். இன்று காலையில்தான், காப்பி ஆறிப்போனதற்கு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருந்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"என் தப்புதாங்க. கல்லைத் திருப்பி வெச்சு அச்சடிச்சுட்டேன்."

அலெய்டா திகைத்துப்போனாள். கல்லை எப்படித் திருப்பி வைத்தாலும் வலது கால் இடது காலாகாது. அச்சகத்தைப் பெருக்க வருகிற பெண்ணுக்குக்கூட அது தெரியும்.

புரொஃபசர் வெசெலை ஏற இறங்கப் பார்த்தார். அலெய்டாவின் கலங்கிய கண்களையும் ஒருமுறை பார்த்தார்.

"அப்படியா? சரி, இந்தத் தடவை நேரா வெச்சு அடிங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வரேன்."

கதவு சாத்தியதும் வெசெல் சீறினார்.

"என்னம்மா வாயைப் பொளந்துட்டு நிக்கிறே? புதுக் கல்லை எடு! முதல்ல போய் அந்தக் கண்ணாடியை வாங்கிட்டு வா. உன் பொண்ணு இனிமே மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கட்டும்!"

"ஐயா, அவரு கோவிச்சுக்கிட்டு வேற அச்சகத்துக்குப் போயிருந்தா?"

"போகலையில்ல? எலும்பைத் தவிர அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? நாம சொல்றதுதான் சட்டம். போ, போ."

அலெய்டாவுக்குக் கண்ணில் நீர் நிறைந்தது. துடைத்துக்கொண்டு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை புரொஃபசர் எலும்பைப் புதுப் படத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு நாரும் அதனதன் இடத்தில் இருந்தது. முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! மீதி பதினொண்ணையும் இந்தம்மாவே வரையட்டும்."

வெசெல் மீசைக்குள் சிரித்தபடி கதவு வரை போய் வழியனுப்பினார். தொப்பிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட புரொஃபசர், வாசலில் நின்று திரும்பினார்.

"எங்கப்பாவும் கல்லச்சுக்காரர்தான், வெசெல். படம் வரையறவங்க கண் கலங்கினா, அவரும் இப்படித்தான் கல்லைத் திருப்பி வெச்சுடுவாரு."